வெயிலைக் குறைத்து எழுதியவன்

கத்தார் நாட்டில் வெயிலைக் குறைத்த மனிதனைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. எரிவாயு எடுத்தவர்களைப் பற்றிப் பளபளப்பான காகிதத்தில் புத்தகம் போடுகிறார்கள். ராஸ் லஃபானில் துறைமுகம் கட்டியவர்களுக்குக் கேடயம் கொடுக்கிறார்கள். ஆனால் 1994 ஆகஸ்டில் தொடங்கி இரண்டு வருஷம், அந்தப் பாலைவனம் ஒருநாள்கூட நாற்பத்தெட்டு டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்ட முதுகுளத்தூர் அம்மையப்பனுக்கு ஒரு துண்டுகூட யாரும் போர்த்தவில்லை. அந்தக் குறையை நானாவது தீர்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் செய்கு அலாவுதீன். ஊர் கீழக்கரை. அந்த ராஸ் லஃபான் சைட்டில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று எழுதுவதுதான் என் வேலை. தகரக் கேபினுக்குள் ஏசி ஓட உட்கார்ந்துகொண்டு எண்ணூறு பேர் வெயிலில் நின்றதை நான் நிழலில் எழுதினேன். ஆகையால் இந்தக் கதையில் வருகிற மற்றவர்களைவிட நான் யோக்கியன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அம்மையப்பன் ஊரில் சுவர் எழுதிக்கொண்டிருந்தவன். தேர்தல் சுவர். எங்கள் மாவட்டத்தில் தேர்தலுக்கு இரண்டு வருஷம் முன்பே சுவர்களைப் பிடித்துவிடுவார்கள். வெள்ளையடித்து, மூலையில் இன்ன கட்சிக்கு, இன்ன வருஷம் வரை முன்பதிவு என்று எழுதிவிட்டால் போதும், வீட்டுக்காரன் தன் சொந்தச் சுவரில் வரட்டி தட்டக்கூட அனுமதி கேட்க வேண்டும். அம்மையப்பன் காலையில் ஒரு சுவரில் ஒருவரை ஏழைகளின் தோழன் என்று எழுதுவான். மாலையில் அடுத்த தெருவில் அதே ஆளை ஊழல் பெருச்சாளி என்று எழுதுவான். இரண்டிலும் எழுத்து ஒரே அழகாக இருக்கும்.

"என்ன எழுதுறோம்ங்கிறது கட்சிக்காரன் பாடு பாய். கோணாம எழுதுறது நம்ம பாடு" என்பான்.

அப்படி எழுதி ஜெயிக்க வைத்த ஒருவர் கூலி கொடுக்க வேண்டிய நேரத்தில் கையை விரித்துவிட்டார். அவருடைய மைத்துனர் மதுரையில் டிராவல்ஸ் வைத்திருந்தார். கூலிக்குப் பதிலாக ஒரு விசா கிடைத்தது. விசாவில் பெயின்டர் என்று போட்டிருந்தது. வந்து இறங்கியதும் கையில் பிரஷ்ஷுக்குப் பதிலாகக் கம்பி கட்டும் கொக்கியைக் கொடுத்தார்கள். வளைகுடாவில் விசாவில் எழுதியிருக்கும் வேலையைப் பார்த்தவனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கம்பி வேலை என்றால் தொட்டி வேலை. எரிவாயுவைச் சேமிக்க ஆறு மாடி உயரத்துக்குக் கான்கிரீட் தொட்டிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் உச்சியில் நின்று கம்பி கட்ட வேண்டும். ஜூலை மாதத்தில் அந்தக் கம்பியைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் அதிலேயே தங்கிவிடும். அம்மையப்பன் முதல் கோடையில் மூன்றாவது வாரம் விழுந்தான். வியர்ப்பது நின்றுபோய், கெண்டைக்கால் இழுத்து, வாயில் நுரையோடு கீழே இறக்கினார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் அதற்குப் பிறகு அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது. மறுபடி அந்த ஏணியில் ஏறக்கூடாது.

இனி எங்கள் மிஸ்டர் கார்ல்டனைச் சொல்ல வேண்டும். பிராஜெக்ட் மேனேஜர், பென்சில்வேனியாக்காரர். அவர் மேசைக்குப் பின்னால் ஒரு பழுப்பேறிய புகைப்படம் தொங்கும். கன்னம் முழுக்க மீசையோடு அவருடைய முப்பாட்டனார். நூறு வருஷத்துக்கு முன்னால் இரும்பாலை வைத்திருந்தவராம். பத்து மணி டீயின்போது கார்ல்டன் அவருடைய கதைகளை என்னிடம் சொல்வார். எனக்கு ஆங்கிலம் புரியும், எழுந்துபோகும் உரிமை கிடையாது. கதை கேட்பதற்கு வேறென்ன தகுதி வேண்டும்?

அந்த ஊர் நகரசபையில் பன்னிரண்டு உறுப்பினர்களாம். ஒன்பது பேர் ஞாயிறுதோறும் முப்பாட்டனாரின் சாப்பாட்டு மேசையில் சாப்பிட்டார்களாம். மீதி மூன்று பேர் கௌரவம் பார்த்து அவருடைய சமையலறையில் சாப்பிட்டார்களாம். தேர்தலன்று தொழிலாளிக்கு ஒரு கோப்பை விஸ்கியும் ஒரு மூட்டை நிலக்கரியும். செத்தவர்கள்கூடக் கல்லறையிலிருந்து எழுந்துவந்து ஓட்டுப் போட்டார்கள். அவர்களுக்கு விஸ்கி தேவைப்படாதது ஒரு மிச்சம். நீதிபதிக்கு ரயிலில் ஆயுசுக்கும் இலவசப் பயணம். முப்பாட்டனாரின் குதிரை லாயத்துக்குத் தரை போட இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்ததாம். ஆலைக்குப் பின்னால் முப்பது குடும்பத்துக்கு ஒரே குழாயாம். ஆலையில் ஒரே ஒரு கடிகாரம். தொழிலாளி தன் கடிகாரம் கொண்டுவரக் கூடாது. ஆலைக் கடிகாரம் காலையில் ஓடும், சாயங்காலம் நொண்டும்.

"வெட்கக்கேடான காலம் அலாவுதீன். நாம் வெகுதூரம் வந்துவிட்டோம்" என்று தலையை ஆட்டிக்கொண்டே டீயைக் குடிப்பார்.

வந்த தூரம் எனக்கும் தெரியும். அவர்களுடைய காம்பவுண்டில் நீச்சல் குளத்துத் தண்ணீர் கோடையில் சுடுகிறது என்று அதைக் குளிரவைக்க ஒரு இயந்திரம் வைத்திருந்தார்கள். எங்கள் கேம்ப்பில் குழாயைத் திறந்தால் முட்டை அவிக்கலாம். டிரம்மில் பிடித்து ஒருநாள் முழுக்க வைத்திருந்தால்தான் உடம்பில் ஊற்ற முடியும். ரூமுக்குப் பன்னிரண்டு பேர், டிரம் ஒன்று.

இப்போது அந்தச் சட்டத்துக்கு வருகிறேன். வளைகுடாவில் கூலிவேலை பார்த்த எவனைக் கேட்டாலும் சொல்வான், ஐம்பது டிகிரி வந்துவிட்டால் வேலையை நிறுத்தியாக வேண்டும் என்று. எந்தச் சட்டம், யார் போட்டது என்றெல்லாம் கேட்கக் கூடாது. சவுதியில் ஜுபைலில் இருந்தவன், அல் கோபாரில் இருக்கிற சித்தப்பா மகன் சொன்னான் என்பான். அல் கோபார்க்காரனைப் பிடித்தால் அவன் துபாயில் கேள்விப்பட்டதாகச் சொல்வான். நானும் ஆசைக்கு ஆபீஸில் இருந்த காகிதங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். என் கண்ணில் அப்படியொன்றும் படவில்லை. ஆனால் எண்ணூறு பேரும் அதைக் கலிமா போல, காயத்ரி போல நம்பினார்கள்.

அமெரிக்காவில் இருந்த தலைமை அலுவலகம் ஒரு பாதுகாப்புப் புத்தகம் அனுப்பியது. சைட் வாசலில் போர்டு வைக்க வேண்டும், அதில் தேதியும் வெப்பநிலையும் எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. போர்டு வந்தது. பக்கத்தில் வெள்ளையடித்த ஒரு மரப்பெட்டி, அதற்குள் வெப்பமானி, பெட்டிக்குப் பூட்டு. அப்போது அம்மையப்பன் வெயிலில் விழுந்து பிழைத்து எழுந்து கீழே லேசான வேலை பார்த்துக்கொண்டிருந்தான். போர்டில் தேதி எழுதச் சொன்னார்கள். எழுத்தைப் பார்த்து கார்ல்டன் நின்றுவிட்டார். அன்றே சாவி அம்மையப்பன் கைக்கு வந்தது. சாவியோடு, தகரக் கொட்டகை நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தது. பதினொரு மணிக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்து எழுத வேண்டும். மற்ற நேரத்தில் மண்வெட்டி, கையுறை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

குறைத்து எழுது என்று கார்ல்டன் ஒருநாளும் சொன்னதில்லை. படித்தவர்கள் அப்படியெல்லாம் பேசமாட்டார்கள். "ஐம்பது என்ற எண்ணைப் பார்த்தால் இந்த மனிதர்கள் பயந்துவிடுவார்கள். அவர்களைத் தேவையில்லாமல் பயமுறுத்தக் கூடாது" என்றுதான் சொன்னார். அதைத் தமிழில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

"அம்மையப்பா, அம்பது எழுதுனா நாற்காலி போயிரும்" என்று சரியாகவே மொழிபெயர்த்தேன்.

அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சுவர் எழுதியவன் அல்லவா.

போர்டு வந்த பிறகு ஒரு அதிசயம் நடந்தது. முன்பெல்லாம் வெயில் தாங்கவில்லை என்று பத்துப் பேராவது ஃபோர்மேனிடம் வந்து நிற்பார்கள். இப்போது போர்டைப் பார்த்தார்கள். நாற்பத்து நாலு. ஐம்பதுக்கு இன்னும் ஆறு பாக்கி. பேசாமல் ஏணியில் ஏறினார்கள். கார்ல்டன் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அவர் முகம் பதவி உயர்வு கிடைத்தவர் முகம்போல இருந்தது.

அம்மையப்பனுக்கும் பதவிக்குரிய மரியாதைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நாற்பத்தேழுக்கு மேல் போனால் தண்ணீர் டிரம்மில் ஆரஞ்சுப் பொடி கலக்க வேண்டும் என்று பாதுகாப்புப் புத்தகத்தில் இருந்தது. அதனால் நாற்பத்தெட்டுக்குக் கிராக்கி வந்தது. மீன் பொரித்த ரூமிலிருந்து அவனுக்கு ஒரு துண்டு போனது. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை அவனுக்கு விட்டுவைத்தார்கள். வெள்ளிக்கிழமை போன் பூத் வரிசையில் இவனை முன்னால் தள்ளிவிட்டார்கள். முடி வெட்டும் தோழர் இவனுக்கு மட்டும் தலைக்கு மசாஜும் செய்தார். இத்தனைக்கும் பிரதியாக, வாரத்தில் ஒருநாள் நாற்பத்தெட்டு எழுதுவான். எண்ணூறு பேர் ஆரஞ்சுத் தண்ணீர் குடித்துவிட்டு அவனை வாழ்த்துவார்கள். கான்கிரீட் கொட்டும் நாளில் ஃபோர்மேன் சேதுமாதவன் வந்து கொட்டகைப் பக்கம் நின்று இருமுவார். அன்று நாற்பத்து மூன்று. சேதுமாதவன் பாலக்காட்டுக்காரர், நல்ல மனிதர். கெட்ட காரியங்களை வருத்தத்தோடுதான் செய்வார்.

இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு இரண்டு பக்கத்துக்கும் நல்லவனாக இருக்கும் வித்தையை அம்மையப்பன் முதுகுளத்தூர் சுவர்களிலேயே கற்றுவிட்டான். நான் ஒருநாள் கேட்டேன், "உள்ள நெசமா எவ்வளவுடா காட்டுது?"

"அத எதுக்குப் பாய் நீங்க தெரிஞ்சுக்கிட்டு. ஏசியில இருக்கீங்க, சந்தோஷமா இருங்க."

ஊருக்கு எழுதிய கடிதங்களில் தான் வானிலை ஆபீஸராக இருப்பதாக எழுதியிருந்தான். அவன் மனைவி கனகா அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். அந்தப் புகழ்தான் வினையாக வந்தது. 1996 ஏப்ரலில் கனகாவின் தம்பி விமல் அதே கம்பெனிக்கு விசா வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான். இருபத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. எலக்ட்ரீஷியன் விசா. கையில் கம்பி கட்டும் கொக்கி.

கனகா கூடவே ஒரு கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தாள். அம்மையப்பன் அதை என்னிடம் படித்துக் காட்டினான். தகப்பன் இல்லாத பிள்ளை, உங்களை நம்பித்தான் அனுப்புகிறேன், வெயில் படாத வேலையாகப் பார்த்துக் கொடுங்கள், நீங்கள் ஆபீஸர்தானே என்று இருந்தது. படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அன்று பதினொரு மணிக்குக் கைதவறி நாற்பத்தொன்பது எழுதிவிட்டு உடனே அழித்தான்.

ஜூலை இரண்டாவது வாரம் மேல்கூரைக் கம்பி வேலை மும்முரமாக நடந்தது. விமல் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்து கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். முதல் நாள் அம்மையப்பன் மீன் குழம்பைக் குறை சொன்னான். இரண்டாம் நாளும் எடுத்தான். மூன்றாம் நாள் அம்மையப்பன் அவனைப் பிடித்து நிறுத்தி முதுகைத் தொட்டுப் பார்த்தான். சட்டை காய்ந்திருந்தது. ஜூலை மாதம், தொட்டி உச்சியிலிருந்து இறங்கியவன் சட்டை காய்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்று அந்த சைட்டில் அம்மையப்பனைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை.

"ஏன்டா மாப்ள, சொல்லக் கூடாது? சிக் ரிப்போர்ட் எழுதி ரூமுல படுக்க வேண்டியதுதான?"

விமல் தலையைக் குனிந்துகொண்டான். வெட்கப்பட்டான். அந்த வெட்கம்தான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

"போர்டுல நாப்பத்தஞ்சுதான மச்சான் போட்டுருக்கு. மத்தவுக எல்லாம் நிக்கிறாக. என் ஒடம்புதான் சோதா போல. பழகிரும் மச்சான். அக்காவுக்கு எழுதிறாதீக."

அம்மையப்பன் நேராக சேதுமாதவனிடம் போனான். நான் கூடவே போனேன். பையனை ஒரு வாரம் கீழே போடுங்கள் என்று கேட்டான். கேட்கவில்லை, கெஞ்சினான். இரண்டு வருஷத்து இருமலுக்கு எல்லாம் சேர்த்து ஒரே ஒரு உபகாரம்.

சேதுமாதவன் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "இங்கே நோக்கு அம்மையப்பா, நான் எந்து பண்ணும்? மேலே ஆள் குறைவு. நாற்பத்தஞ்சு டிகிரியில ஒருத்தனை வெயில்னு சொல்லிக் கீழே இறக்கினா நாளைக்கு எண்ணூறு ஆளும் இறங்கும். போர்டு நீதானே எழுதினது?"

பன்னிரண்டரை மணிக்கு இது நடந்தது. ஒரு மணிக்கு விமல் மறுபடி ஏணியில் ஏறினான். அம்மையப்பன் கொட்டகையில் நின்று பார்த்தான். பிறகு பெட்டியைத் திறந்தான். வழக்கமாகத் திறந்த வேகத்தில் மூடிவிடுவான். அன்று மூடவில்லை. சாக்பீஸை எடுத்து, பழைய எண்ணைத் துணியால் நன்றாகத் துடைத்து, வரி பிடித்து, நிழல் கொடுத்து, தேர்தல் சுவரில் எழுதுவதுபோலப் பெரிதாக எழுதினான். 51.

கீழே நின்ற கான்கிரீட் கோஷ்டிதான் முதலில் பார்த்தது. ஒருவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். சத்தமே இல்லை. பிறகு அடுத்தவன். சாரத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அம்பது தாண்டிருச்சுடா" என்று யாரோ கத்தியதும் எண்ணூறு பேரும் இறங்கத் தொடங்கினார்கள். கலகம் இல்லை, கோஷம் இல்லை. சட்டம் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

சேதுமாதவன் ஓடிவந்தார். "மாற்றி எழுது! வேகம்!"

"நீங்களே வந்து பாருங்க சார்" என்று அம்மையப்பன் ஒதுங்கி நின்றான். சேதுமாதவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் பார்த்தார். மறுபடி துடைத்தார். நகர்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் ஒருவன் எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். கொஞ்ச நேரத்தில் வெப்பமானியைப் பார்க்க வரிசை நின்றுவிட்டது. இரண்டு வருஷமாகத் தங்களை ஆண்டுகொண்டிருந்த சாமியை அன்றுதான் தரிசனம் செய்கிறார்கள். பஞ்சாபி ஒருவர் தொட்டுக் கும்பிட்டதைக்கூடப் பார்த்தேன். பார்த்தவர்கள் போய் நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்தார்கள்.

விமலை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். தண்ணீர் லாரிக்கு அடியில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, தலையிலிருந்து கால்வரை நனைத்தோம். கண் சொருகிப் போயிருந்தது. அம்மையப்பன் அவன் கெண்டைக்காலை நீவிக்கொண்டே இருந்தான். அரைமணி கழித்து விமல் கண்ணைத் திறந்தான்.

"எவ்வளவு மச்சான்?"

"அம்பத்தொண்ணுடா."

"நெசமாவா?"

"நெசமா."

அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லதான மச்சான்?" என்றான். அம்மையப்பன் வாய்விட்டு அழுதுவிட்டான். எனக்கும் தாங்கவில்லை. நான் லாரிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

மூன்று மணிக்கு எங்கள் இரண்டு பேரையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். கார்ல்டன் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போனோம். அவர் அம்மையப்பனுக்கு நாற்காலி போட்டார், குளிர்ந்த பெப்சி கொடுத்தார்.

"எந்தச் சட்டம் என்று கேள்" என்றார் என்னிடம்.

கேட்டேன். அம்மையப்பன் விழித்தான். "எல்லாருக்கும் தெரியுமே பாய்" என்றான்.

"எனக்குத் தெரியாது" என்றார் கார்ல்டன், சிரித்துக்கொண்டே. "அப்படி ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை. ஆனாலும் என் எண்ணூறு பேர் உட்கார்ந்துவிட்டார்கள். இவன் லேசான ஆள் இல்லை அலாவுதீன்."

பிறகு புகைப்படத்தைத் திரும்பிப் பார்த்தார். அதுவரை சொல்லாத ஒரு கதையைச் சொன்னார். முப்பாட்டனாரின் ஆலையில் ஒரு உலைக்காரன் ரகசியமாக ஒரு சட்டைப்பைக் கடிகாரத்தைக் கொண்டுவந்துவிட்டானாம். ஆலைக் கடிகாரம் நாற்பது நிமிஷம் பொய் சொல்கிறது என்று எல்லோருக்கும் காட்டிவிட்டானாம். மற்ற முதலாளிகள் அவனைச் சுட்டிருப்பார்கள் அல்லது துரத்தியிருப்பார்கள். துரத்தினால் அவன் தலைவன் ஆகிவிடுவான். முப்பாட்டனார் அவன் மகனைக் கூப்பிட்டு, ஆலைக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் வேலையைக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு அந்த உலைக்காரன் இருபது வருஷம் அங்கேயே வேலை பார்த்தான், மணி என்ன என்று யாரையும் கேட்டதே இல்லையாம்.

"கெட்ட காலம்" என்று கார்ல்டன் பெருமூச்சு விட்டார். "அந்தப் பையனுக்கு உடம்பு எப்படி இருக்கிறது? இவன் மச்சினன்தானே?"

இரண்டு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு காகிதம் தட்டச்சு செய்து தயாராகவே இருந்தது. வெப்பமானியைத் தவறாக வாசித்துவிட்டேன், சரியான அளவு நாற்பத்தாறு என்று அதில் இருந்தது. அம்மையப்பன் இதில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாளையிலிருந்து கம்பி வேலைக்குப் போக வேண்டும். பெட்டிச் சாவியும் நிழல் நாற்காலியும் விமலுக்கு. மறுத்தால் இரண்டு பேருமே மேலே.

நான் மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"பையன் கீழேயே இருப்பானா? நெசமாவா?" என்று அம்மையப்பன் கேட்டான்.

"என் வாக்கு" என்றார் கார்ல்டன். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த வாக்கை அவர் காப்பாற்றினார்.

அம்மையப்பன் கையெழுத்துப் போட்டான். கோணாமல், அழகாக. நானும் என் பங்குக்கு அந்த இரண்டு மணி நேரத்தை நீட்டிக்கப்பட்ட உணவு இடைவேளை என்று எழுதி முடித்தேன். கேம்ப்புக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. அம்மையப்பன் அதில் உட்காரவில்லை, பின்னால் போய் நின்றுகொண்டான்.

காகிதத்தின் நகல் மறுநாள் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டது. ஆங்கிலத்திலும் தமிழிலும் ஹிந்தியிலும். எண்ணூறு பேரும் வெப்பமானியை நேரில் பார்த்தவர்கள். அவர்களில் பாதிப் பேராவது, நாம்தான் தப்பாகப் பார்த்துவிட்டோம் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். மீதிப் பேர் விலைபோனவன் என்று அம்மையப்பனைத் திட்டினார்கள். காகிதத்தில் அச்சடித்த எழுத்துக்கு அப்படியொரு மகிமை.

பத்து நாள் கழித்து மத்தியானம் நான் ஆள் கணக்கெடுக்க வெளியே வந்தேன். அம்மையப்பன் தண்ணீர் குடிக்க ஏணியிலிருந்து இறங்கி வந்தான். முகம் கருத்து, உதடு வெடித்து, நடையில் ஒரு தள்ளாட்டம். சட்டை நனைந்திருந்தது, அந்த மட்டில் எனக்கு நிம்மதி. போர்டுக்கு முன்னால்தான் தண்ணீர் டிரம். போர்டில் 46 என்று எழுதியிருந்தது. விமல் நாற்காலியில் உட்கார்ந்து கையுறைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். முன்பு நாலு பேரோடு சிரித்துப் பேசிய பையன் தலையை நிமிர்த்தவே இல்லை.

அம்மையப்பன் மூன்று டம்ளர் குடித்தான். பெட்டி ஒரு கை தூரத்தில் இருந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. விமலை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தோஷம்தான் இருந்தது, நான் பொய் சொல்லவில்லை.

"பய கொஞ்சம் சதை போட்டுட்டான் பாய். கனகாவுக்கு எழுதணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஏணியைப் பார்த்து நடந்தான்.

அவன் பாதி உயரம் ஏறும்வரை விமல் கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக என்னைக் கூப்பிட்டான்.

"பாய், மச்சான் ஏதாச்சும் கேட்டாரா?"

"இல்லையே."

"உள்ள எவ்வளவுன்னு கேக்கலையா?"

"கேக்கல."

"பத்து நாளா டெய்லி வந்து தண்ணி குடிக்கிறாரு. கேட்டா என்ன சொல்றதுன்னு நானும் டெய்லி யோசிச்சு வச்சிருக்கேன் பாய்" என்றான். "ஒரு தடவ கேட்டுருக்கலாம். வையக்கூடச் செஞ்சிருக்கலாம்."

ஏணியில் இருந்தவர்களை எண்ணிக்கொண்டேன். கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஏசி நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்தது.